இரண்டு முயல்களின் சாட்சி

பழைய முயல் இருக்கிறது என்றது. புது முயல் இல்லை என்றது. யாரை நம்புவதென்று தெரியாமல், மைக்ரோஸ்கோப் அறையின் சுழல் நாற்காலியில் பச்சை உட்கார்ந்திருந்தாள்.

ஆய்வுக்கூடத்தில் அவளைப் பச்சை என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் எடுக்கிற படங்களால் வந்த பெயர். கறுப்புத் திரையில் பச்சையாக மினுங்கும் நரம்பு செல்கள், ஒவ்வொன்றின் நடுவிலும் நீல உருண்டையாக உட்கரு. நான்கு வருடமாக இதே படத்தைத்தான் அவள் விதவிதமாக எடுத்துக்கொண்டிருந்தாள். வேறு யாராவது என்றால் அலுத்துப்போயிருப்பார்கள். அவளுக்கோ ஒவ்வொரு முறை அறை விளக்கை அணைத்துத் திரையைப் பார்க்கும்போதும், விமான ஜன்னல் வழியாகப் பெயர் தெரியாத ஒரு ஊரின் விளக்குகளைப் பார்ப்பதுபோல நெஞ்சு ஒரு கணம் நின்று ஓடும்.

அந்த ஊரில் அவள் தேடியது ஒரே ஒரு ஆளை.

செல்லுக்குள் பிறக்கிற புரதம் எதுவும் பிறக்கும்போது வெறும் நூல்தான். அது சரியாக மடிந்து ஓர் உருவத்துக்கு வந்தால்தான் வேலைக்கு ஆகும். மடிப்பு பிசகினால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, சிக்குப் பிடித்துக் கட்டியாகி, செல்லையே மூச்சுத் திணற வைத்துவிடும். அப்படி ஆகாமல் பக்கத்திலேயே நின்று, கைத்தாங்கலாகப் பிடித்து மடித்து விடுகிற புரதங்களும் உண்டு. சாப்பரோன் என்பார்கள், துணைப்புரதம். பச்சை ஆராய்ந்த துணைப்புரதம் அந்தக் கூட்டத்திலேயே பலே கைகாரி. மடித்து விடுவது அவளுக்கு ஒரு வேலைதான். செல்லின் கால்சியச் சேமிப்புக்கும் அவள்தான் காவல். காயம்பட்ட இடம் ஆறவும் அவள் வர வேண்டும். ஒரு செல் சாகப்போகிறது என்றால் அதன் வெளிச்சவ்வுக்கே வந்து நின்று, துப்புரவு செல்களைக் கைதட்டிக் கூப்பிடுவதும் அவளே. ஓர் உயிருக்குள் இத்தனை சிறிய ஒன்று இத்தனை வேலையை இழுத்துப்போட்டுக்கொண்டு செய்கிறதே என்று நினைக்க நினைக்கப் பச்சைக்கு வியப்பு அடங்கவே அடங்காது.

ஆராய்ச்சி உலகம் அதற்கு வைத்த பெயர் எழுத்தும் எண்ணுமாக வாயில் நுழையாது. பச்சை அதற்கு அத்தை என்று பெயர் வைத்துவிட்டாள். வீட்டில் அவளுடைய மகளின் அத்தை, அதாவது கணவனின் அக்கா, கூடவே இருந்தாள். துணி தைத்துக் கொடுத்துச் சம்பாதிப்பாள். குழாய் ஒழுகினால் ஸ்பேனரோடு நிற்பாள். மாடி வீட்டுச் சண்டைக்குப் பஞ்சாயத்து, குழந்தையின் கணக்குப் பாடத்துக்கு மிரட்டல், பூனைக்கு மருந்து எல்லாம் அவள் பொறுப்பு. எங்கே திரும்பினாலும் நிற்கிற புரதத்துக்கு வேறென்ன பெயர் வைப்பது? ஆய்வுக்கூடம் முழுக்க அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. தலைமை விஞ்ஞானியான மேடம்கூட, "உன் அத்தை இன்னிக்கு எப்படி இருக்காங்க?" என்றுதான் கேட்பார்.

புரதத்தை நேராகக் கண்ணால் பார்க்க முடியாது. அடையாளம் காட்ட ஒரு சாட்சி வேண்டும். அதற்குத்தான் முயல். அத்தையின் ஒரு சிறு துண்டை முயலின் உடம்பில் ஏற்றினால், அயலான் நுழைந்துவிட்டான் என்று அதன் ரத்தம் அந்தத் துண்டுக்கு எதிராக ஆன்டிபாடியை உண்டாக்கும். அந்த ஆன்டிபாடிக்கு உலகத்தில் அந்தத் துண்டைத் தவிர வேறெதுவும் தெரியாது. ஆயிரக்கணக்கான புரதங்கள் நெரிசலில் நின்றாலும் அத்தனை பேரையும் தாண்டி நேராகப் போய் அதை மட்டும் கட்டிக்கொள்ளும். கட்டிக்கொண்ட இடத்தில் பச்சைச் சாயத்தை ஒட்டிவிட்டால், இதோ அத்தை என்று திரை ஒளிரும்.

அப்படித்தான் அவள் அதைக் கண்டுபிடித்தாள். நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்து, முதலில் கை, பிறகு கால், கடைசியில் விழுங்குவதற்குக்கூடத் தெம்பில்லாமல் ஆளையே சாய்த்துவிடுகிற ஒரு நோய். ஆரோக்கியமான நரம்பு செல்லில் அத்தை உட்கருவுக்கு வெளியேதான் இருந்தாள். நோயுற்ற செல்லில் உட்கருவுக்குள் இருந்தாள். நீலத்துக்குள் பச்சை. அவள் இருக்கக் கூடாத இடம் அது. வேலையைப் போட்டுவிட்டு வழிதவறி உள்ளே போய் அடைந்துகிடக்கிறாள், வெளியே கவனிக்க ஆளில்லாமல் புரதங்கள் மடிப்புக் கெட்டுச் செல் சாகிறது என்று பச்சை கட்டுரை எழுதினாள். பெரிய பத்திரிகை ஒன்று ஏற்றுக்கொண்டது; இன்னும் அச்சாகவில்லை. அதைக் கேள்விப்பட்டு ஒரு மருந்துக்குழு தேடி வந்தது. அத்தையை உட்கருவிலிருந்து வெளியே துரத்தக்கூடிய மருந்து அவர்கள் கையில் ஏற்கெனவே இருந்தது. வேறொரு நோய்க்காகச் செய்து, ஆபத்தில்லாதது என்று தேறிய மருந்து. இந்த நோயாளிகளுக்கு அதைக் கொடுக்க ஆரம்பிக்கலாமா என்று வியாழக்கிழமை கூட்டத்தில் முடிவாக வேண்டும். பச்சையின் படங்களைக் காட்டிவிட்டுத் தலையை ஆட்டினால் போதும்.

இன்று திங்கள். இன்றைக்குப் பார்த்துத்தானா புது முயல் வாயைத் திறக்க வேண்டும்?

பழைய ஆன்டிபாடி தீர்ந்துகொண்டிருந்ததால் அதே கம்பெனியில் இன்னொரு புட்டி வாங்கியிருந்தார்கள். பழையது ஒரு முயலின் ரத்தத்திலிருந்து வந்தது. புதியது வேறொரு முயலுடையது. அதைச் சோதித்துப் பார்த்தவன் அவளுடைய சக ஆய்வாளன். இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவனுக்குச் சந்தேகம் என்று பெயர். வெளியே மழை பெய்கிறது என்று சொன்னால், ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்த்த பிறகே குடையை எடுப்பான்.

"ஸ்லைடை மாத்தி எடுத்துட்டியா?" என்றாள் பச்சை, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"நானும் அப்படித்தான் நெனச்சேன். அதான் மறுபடி செஞ்சேன்."

"சாயம் கெட்டுப்போயிருக்கும்."

"புதுச் சாயம்."

"அப்போ இந்தப் புட்டி டப்பா. திருப்பி அனுப்பு."

"டப்பா இல்ல பச்சை. நல்லாப் பாரு. வெளியில இருக்கற அத்தையை எல்லாம் அட்டகாசமா காட்டுது. நியூக்ளியஸுக்குள்ள மட்டும் கும்மிருட்டு." அவன் தயங்கினான். "உள்ள அத்தையே இல்லைங்குது."

"உனக்கு இப்போ குளுகுளுன்னு இருக்கணுமே."

"ஏன்?"

"நாலு வருஷமா நான் எந்தப் படத்தைக் காட்டினாலும் 'நிஜமாவா?'ன்னு ஒரு கேள்வி கேப்பியே."

"கேட்டேன். ஒவ்வொரு தடவையும் நீ சொல்றதுதான் சரியா இருக்கும்னு நம்பித்தான் கேட்டேன்," என்றான் சந்தேகம். முகம் உண்மையாகவே வாடியிருந்தது.

பச்சை புதுப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். ஆன்டிபாடிகளும் ஆள்மாறிப் பிடிப்பதுண்டு. அத்தையின் துண்டைப்போலவே ஜாடையுள்ள வேறொரு புரதம் எதிர்ப்பட்டால், அதைக் கட்டிக்கொண்டு இதுதான் அத்தை என்று சத்தியம் செய்யும். பொய்ச்சாட்சியா என்று அறிய ஒரே வழி, அத்தையே அடியோடு இல்லாத செல்லில் விட்டுப் பார்ப்பது. அங்கேயும் பச்சை நிறம் தெரிந்தால் முயல் புளுகுகிறது. அவள் அந்தச் சோதனையைச் செய்யாமல் இல்லை. ஆனால் செய்தது சாதாரண செல்களில். நோயுற்ற நரம்பு செல்லின் உட்கருவுக்குள் ஏதோ ஒரு ஜாடைக்காரி நிற்கிறாளா என்று பார்த்ததே இல்லை. அப்போது அத்தை இல்லாத நரம்பு செல்கள் யாரிடமும் இல்லை. பிறகு படங்கள் மேல் படங்கள் வந்தன, பாராட்டு வந்தது, அந்தக் கேள்வி எங்கோ பின்னால் போய் உட்கார்ந்துவிட்டது.

"உன்கிட்ட அந்த செல் இருக்கில்ல?" என்றாள் மெல்ல.

இருந்தது. நோயாளி ஒருவரின் தோலிலிருந்து எடுத்து, நரம்பாக மாற்றி, அதில் அத்தையின் மரபணுவை மட்டும் வெட்டி எறிந்த செல்கள். தன் சொந்த ஆராய்ச்சிக்காகச் சந்தேகம் மாதக்கணக்கில் வளர்த்தவை. நோஞ்சான்கள். தொட்டால் வாடும். அவன் எத்தனை முறை சூடும் சத்தும் மாற்றிப் பார்த்தும் பாதிக்குமேல் செத்துப்போயின. மிச்சம் இருந்தது சில தட்டுகளே. அவற்றை அவளிடம் கொடுத்தால் அவன் வேலை பழையபடி ஆனா ஆவன்னாவிலிருந்து தொடங்கும்.

சந்தேகம் எழுந்து போனான். திரும்பி வந்தபோது இரண்டு கைகளாலும் தட்டுகளை ஏந்திக்கொண்டு, தளும்பும் குழம்புச் சட்டியைத் தூக்கி வருகிறவன்போல அடிமேல் அடிவைத்து வந்தான்.

"எல்லாமேவா?"

"பாதி கொடுத்தா பாதி சந்தேகம் மிச்சம் இருக்கும்," என்றான்.

அவள் மேடத்திடமும் போய் உள்ளதைச் சொன்னாள். மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்; கெட்ட செய்தி கேட்டால் அவர் வழக்கம் அது. "கூட்டத்தைத் தள்ளி வைக்கட்டுமா?" என்று கேட்டார்.

"வேண்டாம் மேடம். அதுக்குள்ள தெரிஞ்சுடும்."

"எது தெரிஞ்சாலும் நீயே சொல்லு. நான் பக்கத்துல இருக்கேன்."

பழைய முயலின் ஆன்டிபாடி புட்டியின் அடியில் கண்ணீர்த்துளி அளவுக்குத்தான் கிடந்தது. ஒரே ஒரு தடவைக்கு வரும். கை நடுங்கினால் போச்சு. பச்சை மூச்சைப் பிடித்துக்கொண்டு பிப்பெட்டில் உறிஞ்சி, அத்தை உள்ள செல்களுக்குப் பாதியும் அத்தை இல்லாத செல்களுக்குப் பாதியுமாக இட்டாள். புட்டியைச் சாய்த்து, சுழற்றி, சுவரில் ஒட்டியிருந்ததையும் வழித்துவிட்டாள். ஆன்டிபாடி நிதானமாகத் தேடிப் பிடிக்கட்டும் என்று குளிர் அறையில் வைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினாள். முடிவு மறுநாள்தான்.

வீட்டில் தையல் இயந்திரம் கடகடத்துக்கொண்டிருந்தது. பஸ் ஓட்டுநரான கணவன் காலை ஷிப்ட் முடித்து வந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தான். பச்சை பையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் சரிந்ததைப் பார்த்ததும் அவன் கத்தியைக் கீழே வைத்தான்.

"என்ன ஆச்சு? முகம் தொங்கிப்போயிருக்கு."

அவள் சொன்னாள். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதாவது, நாலு வருஷமா நீ பார்த்துட்டு இருந்தது அத்தையே இல்லாம, அத்தை மாதிரி வேற யாரோவா இருக்கலாம்?" என்றான்.

"ஆமாங்க."

"சும்மா விளையாடாத. நான் டிப்போ பூரா உன் கண்டுபிடிப்பைப் பத்திச் சொல்லி வெச்சிருக்கேன்."

இயந்திரம் நின்றது. நாத்தனார் வாயில் கவ்வியிருந்த ஊசியை எடுத்துத் துணியில் குத்திவிட்டு நிமிர்ந்தாள். "ஏம்மா, அங்க என் பேர்ல ஏதோ கிருமி வெச்சிருக்கியாமே?"

"கிருமி இல்ல அண்ணி. புரதம். நல்லது."

"நல்லதுங்கற. அப்புறம் அது தப்பான எடத்துக்குப் போயிடுச்சு, மருந்து அடிச்சு விரட்டப்போறோம்னு போன வாரம் போன்ல யார்கிட்டயோ சொல்லிட்டிருந்தியே?"

மகள் கணக்குப் புத்தகத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிச் சிரித்தாள். பச்சைக்குக் காது மடல் சூடானது. "அது... நோய் வந்த செல்லுல மட்டும் அண்ணி."

"என்னமோ. என்னைக் கேக்காம பேரு வெச்சுட்ட. கெட்ட பேரு மட்டும் வாங்கித் தந்துடாதே," என்றாள் நாத்தனார். இயந்திரம் மறுபடி கடகடத்தது. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பாமலேயே, "சாப்பிட்டுப் படு. நாளைக்கு வர்றது நாளைக்கு வரும்," என்றாள்.

மறுநாள் மைக்ரோஸ்கோப் அறையில் மேடம், சந்தேகம், பச்சை மூவரும் தோளோடு தோள் இடிக்க நின்றார்கள். முதலில் அத்தை உள்ள செல்கள். நீலத்துக்குள் பச்சை, எப்போதும்போல. ஆனால் அவள் அதைப் பார்த்துச் சந்தோஷப்படவில்லை. ஸ்லைடை எடுத்துவிட்டு, அத்தை இல்லாத செல்களை வைத்தாள். திரையில் நீல உருண்டைகள் வரிசையாக வந்தன. அடுத்து, பச்சைச் சாயத்தை ஒளிர வைக்கும் விளக்கைப் போட்டாள்.

ஒன்றுமில்லை.

வெளிச்சத்தைக் கூட்டினாள். இன்னும் கூட்டினாள். புழுதிபோல ஏதோ தெரிந்ததே தவிர, எந்த உட்கருவுக்குள்ளும் ஒரு பொட்டுப் பச்சையும் இல்லை. அத்தை இல்லாத இடத்தில் பழைய முயல் இல்லை என்றே சொன்னது.

"புளுகல," என்றாள். "அது புளுகவே இல்ல."

சந்தேகம் திரையருகே குனிந்து நெடுநேரம் பார்த்தான். பிறகு அவள் தோளில் ஒரு தட்டுத் தட்டினான். "சரி. அத்தை உள்ளதான் இருக்கா. அப்போ புது முயல் ஏன் இல்லைங்குது?"

அவனை அந்த இடத்திலேயே கழுத்தை நெரிக்கலாம் என்று பச்சைக்குத் தோன்றியது. ஆனால் கேள்வி நியாயமானது. அவள் கம்பெனிக்குப் போன் போட்டாள். மறுமுனையில் ஒரு பெண், தூக்கம் கலையாத குரலில் புட்டியின் எண்ணைக் கேட்டுக்கொண்டாள்.

"பழைய புட்டி எந்த முயலோ, அதுலேர்ந்தே எங்களுக்கு இன்னும் கொஞ்சம் கிடைக்குமாங்க?"

"அந்த முயல் இப்போ இல்லைங்களே."

"ஓ," என்றாள் பச்சை. நான்கு வருடம் அவளுக்காக உண்மையே பேசிய ஜீவன். "ரொம்ப வருத்தமா இருக்குங்க."

அந்தப் பெண்ணுக்கு இப்படி ஒரு பதில் பழக்கமில்லை போலும். குரல் இளகியது. "நல்ல முயல்தாங்க அது. எல்லாரும் அதையேதான் கேக்கறாங்க. அதுக்குக் காட்டினது புரதத்தோட வால் பக்கத் துண்டு. புது முயலுக்குக் காட்டினது நடுத் துண்டு. மத்த புரதத்தைப் பிடிச்சுக்குற பள்ளம் இருக்கில்லீங்களா, அந்த இடம்."

"உள்ளங்கை மாதிரி இருக்குமே, அதுங்களா?"

"அதேதாங்க."

பச்சை நன்றி சொல்லி வைத்தாள். வைத்த கை போனின் மேலேயே நின்றுவிட்டது.

"என்ன சொன்னாங்க?" என்றான் சந்தேகம்.

"பழைய முயலுக்கு வால்தான் தெரியும். புதுசுக்கு உள்ளங்கைதான் தெரியும்." அவள் பேசிக்கொண்டே எழுந்துவிட்டாள். "டேய், வெளியில இருக்கற அத்தையோட உள்ளங்கை தெரியுது. உள்ள இருக்கறவளோட உள்ளங்கை மட்டும் தெரியல. ஏன் தெரியல? உள்ளங்கை எப்போ தெரியாது?"

சந்தேகம் தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தான். மேசையிலிருந்த அழிப்பானை எடுத்து அதில் வைத்து, விரல்களை மூடினான்.

"கையில ஏதாவது இருந்தா," என்றான்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

நான்கு வருடமாக அவள் நினைத்தது ஒன்று: அத்தை வழிதவறிப் போய்ச் சும்மா அடைந்துகிடக்கிறாள். இப்போது தோன்றியது தலைகீழ்: அவள் உள்ளேயும் எதையோ கையில் பிடித்துக்கொண்டு வேலை செய்கிறாள். ஆனால் தோன்றுவது வேறு, தெரிவது வேறு. ஆய்வுக்கூடத்தின் மூலையில் ஒரு பிரஷர் குக்கர் இருந்தது. யாரும் அதில் சமைத்ததில்லை. ஸ்லைடுகளை உப்புக் கரைசலில் போட்டு அதில் வைத்து நன்றாகச் சூடேற்றினால், செல்லுக்குள் இறுகிக்கிடக்கும் புரதங்கள் பிடி தளர்ந்து விரிந்துகொடுக்கும். மூடியிருந்த பக்கங்கள் வெளியே தெரியும். பச்சை நோயுற்ற செல்களின் ஸ்லைடுகளை அடுக்கினாள்.

"அத்தை இல்லாத செல்லையும் கூட வை," என்றான் சந்தேகம். "சூட்டுல புது முயல் கண்டதையும் பிடிச்சுக்கிட்டா?"

"அதை வைக்காம இனிமே நான் தண்ணிகூடக் கொதிக்க வைக்க மாட்டேன்."

குக்கர் விசிலடித்ததும் பக்கத்து அறைக்காரர் எட்டிப்பார்த்து, மதியத்துக்கு என்ன என்று கேட்டார். "அத்தை," என்றான் சந்தேகம். அவர் தலையை இழுத்துக்கொண்டார்.

புதன்கிழமை மதியம் படம் வந்தது. சூடேற்றாத ஸ்லைடில், உட்கரு இருட்டு. சூடேற்றியதில், ஒவ்வொரு நீல உருண்டைக்குள்ளும் விளக்கு ஏற்றி வைத்ததுபோலப் பச்சை. அத்தை இல்லாத செல்களில் சூட்டுக்கு முன்பும் இருட்டு, பின்பும் இருட்டு. புது முயலும் புளுகவில்லை. அதற்குத் தெரிந்த ஒரே அடையாளம் மூடியிருந்தது. தெரியவில்லை என்று உள்ளதைச் சொன்னது. ஒன்றுக்கொன்று எதிராகப் பேசிய இரண்டு சாட்சிகளும் உத்தமர்கள். கேட்டவள்தான் சரியாகக் கேட்கவில்லை.

பச்சை அந்தப் படத்தின் முன் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். உள்ளே போன அத்தைகளில் கை காலியாக இருந்தவள் அநேகமாக ஒருத்தியும் இல்லை. அத்தனை பேர் கையிலும் ஏதோ ஒன்று. செல் சாகக் கிடக்கிறது, கட்டிகள் திரள்கின்றன, தன் எல்லை எதுவோ அதைத் தாண்டி, யாரும் கூப்பிடாமலே உள்ளே ஓடி, சரிந்து விழுகிறதை எல்லாம் தாங்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அவளைப் பார்த்து, வேலையை விட்டு ஓடிப்போனவள் என்று கட்டுரை எழுதியாயிற்று.

"ஒண்ணு சொல்லட்டுமா?" சந்தேகம் பின்னால் நின்றிருந்தான். அவன் குரலில் வழக்கமான கேலி இல்லை. "என் செல்லுங்க சாகுதே, அது நான் சரியா வளர்க்கலைன்னுதான் நெனச்சுட்டு இருந்தேன். சத்து மாத்தினேன், தட்டு மாத்தினேன், இன்குபேட்டரைக்கூடத் திட்டினேன். இப்போ யோசிக்கறேன். நல்ல செல்லுல அத்தையை எடுத்தா கொஞ்சம் சோர்ந்துதான் போகும், சாகாது. நோய் வந்த செல்லுல எடுத்தாத்தான் மளமளன்னு சாகுது. அவ இல்லாததாலதான் செத்துருக்கு. கண்ணு முன்னாடியே இருந்திருக்கு. எனக்கு என் மேலதான் சந்தேகம் வந்துச்சு, அதுங்க மேல வரல."

அவனுடைய மாதக்கணக்கான தோல்வி, அவளுடைய நான்கு வருட வெற்றி. இரண்டும் ஒரே மேசையில் அருகருகே கிடந்தும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவில்லை. பச்சை அவனை நிமிர்ந்து பார்த்தாள். தன் தட்டுகளை எல்லாம் தூக்கிக் கொடுத்துவிட்டு, இப்போது தன் பிழையையும் தானாகவே கொண்டுவந்து வைக்கிறான். இப்படி ஒருவன் பக்கத்து மேசையில் இருப்பது எவ்வளவு பெரிய கொடுப்பினை என்று அவள் இதுவரை எண்ணிப் பார்த்ததில்லை. அதைச் சொன்னால் அவன் நம்ப மாட்டான் என்பதால், "உட்காரு, டீ வாங்கிட்டு வரேன்," என்று மட்டும் சொன்னாள்.

டீ வாங்கப் போகும் வழியில் படிக்கட்டில் நின்று பத்திரிகைக்கு எழுதினாள். கட்டுரையை நிறுத்திவையுங்கள். படங்கள் சரி, முடிவு தவறு. அனுப்பு பொத்தானை அழுத்தும்போது கட்டைவிரல் சற்று மறுத்தது. நான்கு வருடம். பிறகு அழுத்திவிட்டாள்.

வியாழக்கிழமை மருந்துக்குழுவினர் குறித்த நேரத்துக்கு வந்துவிட்டார்கள். அவர்களின் தலைவர் உயரமானவர், மெல்லப் பேசுகிறவர். மேடம் சொன்னபடியே பச்சையின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். பச்சை பழைய முயலின் படத்தைக் காட்டினாள். புதிய முயலின் இருட்டைக் காட்டினாள். பிறகு சூடேற்றிய பிறகு வந்த வெளிச்சத்தைக் காட்டினாள்.

"அப்போ உங்க கண்டுபிடிப்பு தப்புன்னு நீங்களே சொல்றீங்களா?" என்றார் தலைவர்.

"பார்த்தது சரிங்க. அதுக்கு நான் சொன்ன அர்த்தம் தப்பு. அவ உள்ள போய்த் தொலைஞ்சு போகல. உள்ள நின்னு எதையோ தாங்கிப் பிடிச்சிருக்கா."

"உதவி பண்றான்னே வெச்சுக்குவோம். எவ்வளவு நிச்சயம்?"

"முழுசா நிச்சயம்னு சொல்ல மாட்டேன். ஆனா இதைப் பாருங்க." அவள் சந்தேகத்தைப் பார்த்துத் தலையசைத்தாள். அவன் எழுந்து தன் செல்கள் செத்த படங்களைப் போட்டான். எல்லோரிடமிருந்தும் மறைத்து வைத்திருந்த படங்கள். முதல் நாள் நிரம்பியிருந்த தட்டு, வர வர வழுக்கை விழுந்ததுபோல ஆகிக்கொண்டே போனது.

"நோய் வந்த செல்லுல அத்தை இல்லைன்னா இதுதாங்க நடக்குது," என்றான்.

"உங்க மருந்து அவளை வெளிய துரத்தும்," என்றாள் பச்சை. "துரத்தினா, அவ கையில இருக்கறது அங்கயே விழும். நோயாளிங்களுக்கு இன்னும் சீக்கிரம் முடிஞ்சுடும்னு பயமா இருக்கு. என் படத்தை நம்பித்தான் இவ்வளவு தூரம் வந்தீங்க. நான்தான் வேண்டாம்னு சொல்லணும்."

அத்தை என்ற சொல்லைக் கேட்டு மருந்துக்குழுவில் யாரும் சிரிக்கவில்லை. தலைவர் திரையில் கடைசிப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முதல் நோயாளி அடுத்த வாரம் வர்றதா இருந்தார்," என்றார் மெதுவாக. "பள்ளிக்கூட வாத்தியார். ரெண்டு பசங்க." மூக்கைத் தேய்த்துக்கொண்டார். "நிறுத்திடறோம். நன்றிம்மா. இது சொல்றதுக்கு லேசான விஷயம் இல்ல."

அவர்கள் போன பிறகு மேடம் பச்சையின் கையை ஒரு முறை அழுத்திவிட்டு, "கட்டுரை போனா போகட்டும்," என்றார். "இதைவிட நல்லது ஒண்ணு எழுதுவீங்க. ரெண்டு பேர் பேரும் முதல்ல வர்ற மாதிரி."

அறையில் இருவர் மட்டும் மிஞ்சினார்கள். திரையில் இன்னும் அந்தப் பச்சை உட்கருக்கள். அழுகை வரும் என்று பச்சை நினைத்தாள், வரவில்லை. நான்கு வருடம் பழகிய ஒருவரைப் பற்றி இன்றுதான் முதல்முறை தெரிந்துகொண்டதுபோல, கொஞ்சம் வெட்கமாகவும் நிறைய மலைப்பாகவும் இருந்தது.

"எல்லாம் சரி," என்றான் சந்தேகம், நாற்காலிகளை மேசைக்கு அடியில் தள்ளிக்கொண்டே. "கையில என்னதான் வெச்சிருக்கா?"

"வந்துட்டியா நீ?"

"நிஜமா கேக்கறேன். எந்தப் புரதத்தைப் பிடிச்சிருக்கான்னு தெரிஞ்சா, எது முதல்ல விழுதுன்னு தெரிஞ்சுடும். நோயே அங்கதான் ஆரம்பிக்குதோ என்னமோ."

பச்சை யோசித்தாள். "கை மூடியிருக்கு. கையைப் பிடிச்சு இழுக்க முடியாது. வாலைப் பிடிச்சு, கையில இருக்கறது சிந்தாம, அப்படியே மொத்தமா வெளிய எடுக்கணும்."

"வால் தெரிஞ்ச முயல்தான் செத்துப்போச்சே."

அவள் ஏற்கெனவே போனை எடுத்துவிட்டாள். மறுமுனையில் அதே தூக்கக் குரல்.

"வணக்கங்க. முந்தாநேத்து பேசினேனே... ஆமாங்க, வருத்தப்பட்டேனே, அவங்கதான். இன்னொரு முயலுக்கு அந்த வால் துண்டைக் காட்ட முடியுமாங்க? எங்களுக்காகவே?"

"முடியுங்க. ஆனா மாசக்கணக்குல ஆகும். அதுலயும் எல்லா முயலும் நல்லாப் புடிச்சுக்காது. ரெண்டு மூணு முயலாவது பாக்கணும்."

"பாருங்க. நாங்க காத்திருக்கோம்."

சந்தேகம் வெள்ளைப் பலகையில் இருந்த பழைய கட்டுரையின் தலைப்பைத் துடைக்க ஆரம்பித்திருந்தான். பாதி துடைத்துவிட்டு நின்றான். "புதுத் தலைப்பு என்ன போடட்டும்?"

"அதெல்லாம் அப்புறம்," என்றாள் பச்சை, போனைக் கையால் பொத்திக்கொண்டு. "மொதல்ல முயல் வரட்டும்."